சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கேள்வியின் சாரம் இது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு, இடையில் எங்கும் இறங்காமல் செல்லும் விமானத்தில், உங்கள் தாயார் ஜூலை மாதம் தனியாக வருகிறார். டிசம்பரில் அதே வழியில் திரும்புகிறார். தூரம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 8,288 என்றும், இன்னோரிடத்தில் 9,537 என்றும், மற்றோரிடத்தில் 15,349 என்றும், பழைய செய்தி ஒன்றில் 16,700 என்றும் இருக்கிறது. நேரமும் பதினேழு மணியிலிருந்து பத்தொன்பது மணி வரை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். பயணச்சீட்டைப் பார்த்தால் இரவு பதினொன்றரைக்கு ஏறி விடியற்காலை ஆறு மணிக்கு இறங்குவதாக, ஏதோ ஆறரை மணி நேரப் பயணம்போல இருக்கிறது. இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாமே சரிதான். ஒவ்வொரு எண்ணும் வெவ்வேறு கேள்விக்கான விடை என்பதுதான் சிக்கல்.

முதல் மூன்று எண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றும் ஒரே தூரம். அளக்கும் கோல்தான் வேறு. விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலில் கணக்கிடுகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அமெரிக்கச் சாலைகளில் உள்ள மைல் 1.609 கிலோமீட்டர். எனவே 8,288 கடல் மைலும், 9,537 சாதாரண மைலும், 15,349 கிலோமீட்டரும் ஒன்றே. எந்த மைல் என்று சொல்லாமல் வெறுமனே 'மைல்' என்று எழுதிவிடுவதால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் எங்கோ காணாமல் போய்விட்டதுபோலத் தெரிகிறது.

இந்த 15,349 கிலோமீட்டர் எப்படி வந்தது என்பதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். பொதுவாக இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிடக் கோண கணிதம் வேண்டும். ஆனால் இந்த இரண்டு ஊர்களும் அமைந்திருக்கும் விதம் கூட்டல் பெருக்கல் மட்டும் தெரிந்தவருக்கும் போதுமானது. சாங்கி ஏறக்குறைய கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில் இருக்கிறது. நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 73.8 டிகிரியில். இரண்டுக்கும் இடையே 178 டிகிரி. உலகத்தைச் சுற்றி முழு வட்டம் 360 டிகிரி என்றால் பாதி 180. ஆக, இரு நகரங்களும் பூமிப்பந்தின் எதிரெதிர்ப் பக்கங்களில், கிட்டத்தட்ட நேருக்கு நேராக உட்கார்ந்திருக்கின்றன. இப்படி எதிரெதிரே உள்ள இரண்டு இடங்களுக்குக் குறுக்கு வழி வடதுருவத்தின் வழியாகத்தான் போகும். சாங்கி பூமத்தியரேகைக்கு வடக்கே 1.36 டிகிரியில் இருப்பதால் அங்கிருந்து துருவம் வரை 88.64 டிகிரி. நியூயார்க் 40.64 டிகிரியில் இருப்பதால் துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 டிகிரி. கூட்டினால் 138 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 15,346 கிலோமீட்டர் வரும். பூமி முழு உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதையும், உண்மையான குறுக்கு வழி துருவப் புள்ளியைத் தொடாமல் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தள்ளிப் போவதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்த மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் சரியாகும்.

சுவரில் தொங்கும் தட்டையான உலக வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். அந்தப் படத்தில் சிங்கப்பூர் வலது பக்கமும் நியூயார்க் இடது பக்கமும் இருப்பதால், இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் தாண்டி நேர்கோடு போடத்தான் கை போகும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் உருண்டைப் பூகோளம் ஒன்று கிடைத்தால், ஒரு நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே மேலே நழுவி, தாய்லாந்து வளைகுடா, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, துருவத்துக்குப் பக்கத்தில் தலையைச் சுற்றிக்கொண்டு, கிரீன்லாந்தின் வடமேற்கு விளிம்பு, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் வழியாக இறங்கும். இதைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள். தூரம் கணக்கிட்டுத் தரும் கருவிகள் அனைத்தும் இந்த நூலின் நீளத்தைத்தான் தருகின்றன. ஓடுபாதையை மாற்றிக் கட்டினால் ஒழிய அந்த எண் மாறாது.

ஆனால் உங்கள் தாயார் ஏறப்போகும் விமானம் பெரும்பாலும் அந்த நூலின் வழியே போகாது. 16,700 என்ற எண் வருவது அங்கிருந்துதான். 2018-இல் இந்தச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, நியூயார்க்கின் அக்கரையில் உள்ள நெவார்க் விமான நிலையத்துக்குச் சுமார் 16,700 கிலோமீட்டர், அதிகபட்சமாக 18 மணி 45 நிமிடம் என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்தது. நெவார்க்கும் கென்னடியும் சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம்தான். கென்னடி ஐந்து கிலோமீட்டர் போலக் கூடுதல். ஆகவே, நூலின் நீளத்தைவிட ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போவதாக நிறுவனமே சொல்லியிருக்கிறது. எரிபொருளின் ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பார்க்கும் ஒரு தொழிலில் எதற்காக இந்தச் சுற்று?

துருவ வழியில் உள்ள இடைஞ்சல்கள் பல. அந்தப் பாதை திபெத் பீடபூமியின் கிழக்கு விளிம்பைக் கடக்கிறது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால் சட்டென்று மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். கீழே மலையே அதைவிட உயரமாக இருக்கும்போது எங்கே இறங்குவது? பிறகு ரஷ்ய வான்வெளி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் பல நாடுகளின் விமானங்கள் அந்தப் பக்கம் போக முடியாமலும், வேறு பல நிறுவனங்கள் தாமாகவே ஒதுங்கியும் இருக்கின்றன. துருவத்துக்கு அருகே போனால் பூமத்தியரேகைக்கு மேலே நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுமார் 82 டிகிரிக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் அடிவானத்துக்குக் கீழே போய்விடுகின்றன. பழைய சிற்றலை வானொலியை நம்ப வேண்டியிருக்கும், சூரியப் புயல் வீசும் நாள்களில் அதுவும் கைவிட்டுவிடும். எரிபொருள் உறைவதையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி; அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ மைனஸ் 40 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். துருவத்து மேல்வானத்தில் மணிக்கணக்கில் பறக்கும்போது இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் இவற்றில் எதுவும் செய்ய முடியாத காரியம் இல்லை. 2004 முதல் 2013 வரை நடந்த முந்தைய சேவையில், திரும்பும் விமானம் வடதுருவத்தை ஒட்டியே பறந்த நாள்கள் உண்டு. முக்கியமான காரணம் வேறு. அது காற்று.

ஒகேனக்கலில் பரிசலில் போனவர்களுக்கு இது உடனே புரியும். துடுப்புப் போடும் வேகம் ஒன்று; கரையில் நிற்பவர் பார்க்கும் வேகம் மற்றொன்று. நீரோட்டத்தோடு போனால் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாலும் பரிசல் போகும். எதிர்த்து வந்தால் கை ஓய்ந்துவிடும். விமானமும் அப்படித்தான், அது தரையில் ஓடவில்லை, காற்றில் மிதந்து ஓடுகிறது. இந்த வழித்தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350, ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் போகிறது. அந்த உயரத்தின் குளிரில் அது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். இது காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டிருந்தால், அதன் வேகமும் சேர்ந்துகொள்ளும்.

தரைக்கு மேலே ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், வடகோளத்தின் நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் பெரிய காற்றாறு ஒன்று இருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்று பாடநூல்களில் படித்திருப்போம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுவது சாதாரணம். அதன் வலிமைக்கு ஓர் உதாரணம்: 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது, நியூயார்க்கிலிருந்து லண்டன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் இறங்கிவிட்டது; தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. தரைவேகம் ஒலியின் வேகத்தைவிடக் கூடுதல்போலத் தெரிந்தாலும், தன்னைச் சுற்றியிருந்த காற்றில் அந்த விமானம் வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றே இல்லாத வானத்தில், மணிக்கு 903 கிலோமீட்டரில், நூல்வழியான 15,349 கிலோமீட்டரைக் கடக்கச் சரியாக 17 மணி நேரம். அதே காற்றில்லா வானத்தில் 16,700 கிலோமீட்டருக்குப் பதினெட்டரை மணி நேரம். ஆனால் அந்தச் சுற்று ஜப்பானை ஒட்டிப் பசிபிக் வழியாகப் போகிறது. அங்கே சராசரியாக 60 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால், 16,700 கிலோமீட்டர் 17 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிடும். காற்று பாதியாகி 30 கிலோமீட்டர் ஆனால் 17 மணி 54 நிமிடம். சராசரியில் முப்பது கிலோமீட்டர் காற்று ஏறி இறங்குவது, விமான நிலையத்தில் காத்திருப்பவருக்கு அரை மணி நேர வித்தியாசம். துருவ வழியில் இப்படித் தள்ளிவிடும் நிலையான காற்று இல்லை. எனவே ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் அதிகம் பறந்தாலும், முன்னே சொன்ன இடைஞ்சல்கள் எதுவுமின்றி, ஏறக்குறைய அதே நேரத்தில் போய்விட முடிகிறது. நிறுவனத்தின் பறப்புத் திட்டக் குழு ஒவ்வொரு நாளும் புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பு அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறது. பசிபிக்கின் மேல் காற்றுக்கு ஏற்ற தடங்களை ஜப்பானும் அமெரிக்காவும் நாள்தோறும் புதிதாக வரைந்து வெளியிடுகின்றன. நேற்றுப் போன பாதையில் இன்று விமானம் போகாமல் இருப்பது அதனால்தான். அந்தச் சுற்று பார்ப்பதற்குத்தான் பெரிது. பூமி உருண்டை என்பதால், சிங்கப்பூரிலிருந்து டோக்கியோவின் நரிட்டா வந்து அங்கிருந்து நியூயார்க் போனாலும் மொத்தம் சுமார் 16,190 கிலோமீட்டர்தான். நூல்வழியைவிட 840 கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவே.

போகும்போது பின்காற்று என்றால் திரும்பும்போது எதிர்காற்றாக இருக்க வேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். லண்டன்–நியூயார்க் போன்ற வழிகளில் அதுதான் நடக்கிறது: கிழக்கே ஏழு மணி நேரம், மேற்கே எட்டு மணி நேரம். போகும்போது கிடைத்தது வரும்போது ஈடாகிவிடும் என்று சிலர் எண்ணுவதுண்டு, அதுவும் இல்லை. 9,000 கிலோமீட்டர் தூரத்தை 900 கிலோமீட்டர் வேகத்தில் போய் வர, காற்றில்லாமல் 20 மணி நேரம். 100 கிலோமீட்டர் காற்று வீசினால் போக 9 மணி, வர 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் கிடந்து அல்லாடுவதால் நட்டம்தான் மிஞ்சும்.

சிங்கப்பூர்–நியூயார்க் இதற்கு ஒரு விலக்கு, எனக்கு இந்த வழித்தடத்தில் மிகவும் பிடித்த செய்தியும் இதுதான். இரண்டு ஊர்களும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்று. நியூயார்க்கிலிருந்து பிராங்பர்ட் வழியாகச் சிங்கப்பூர் வந்தால் மொத்தம் சுமார் 16,470 கிலோமீட்டர். ஜப்பான் பக்கமாக வருவதைவிட 280 கிலோமீட்டர் மட்டுமே கூடுதல். ஆகவே திரும்பும் விமானம், வந்த வழியே எதிர்காற்றில் மல்லுக்கட்டாமல், பல நாள்களில் அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே பறக்கிறது. போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று. போய் வந்தவர் கணக்கில் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. பலர் அதை அறியாமலேயே வீடு வந்து சேர்கிறார்கள். இரு திசைகளுக்கும் அட்டவணையில் ஏறக்குறைய ஒரே நேரம், பதினெட்டரை மணிக்குச் சற்று முன்னும் பின்னுமாக, போட்டிருப்பதன் இரகசியம் இதுதான்.

பறக்கும் நேரம் பதினேழேகால் என்றால் சீட்டில் ஏன் பதினெட்டரை? ஏனெனில் சீட்டில் இருப்பது பறக்கும் நேரம் அன்று. விமானத் துறையில் அதைப் பிளாக் நேரம் என்பார்கள். பிளாக் என்பது நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை. அந்தக் கட்டையை எடுத்துப் பின்னே தள்ளத் தொடங்கிய நிமிடம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை அத்தனையும் அதில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலேறுவதற்கும் இறங்குவதற்கும் மெதுவாகப் போகும் நேரம், நியூயார்க் வானத்தில் வட்டமடிக்க நேர்ந்தால் அது, இறங்கியபின் நுழைவாயில் காலியாகும் வரை நிற்பது எல்லாம் சேரும். அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளியையும் நிறுவனங்கள் விட்டுவைக்கும். அதனால்தான் அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் நேரத்துக்கு முன்பே இறங்குவதைப் பார்க்கிறோம். 'விமானி விரட்டி ஓட்டினார்' என்று பயணிகள் பெருமையாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அவர் அட்டவணையில் விட்டிருந்த இடைவெளியைத்தான் செலவழித்திருப்பார்.

இவ்வளவு நேரம் நிற்காமல் பறக்கும் விமானத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பயணச்சீட்டின் விலை உங்களைத் திகைக்க வைத்திருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூன் 28 அன்று நெவார்க்குக்கு நிற்காத சேவையை நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340-500 விமானத்தில் தொடங்கியது. எரிபொருள் விலை ஏறியபோது அந்த நான்கு இயந்திரங்களும் கழுத்தை நெரித்தன. 2008-இல் அதை வெறும் நூறு இருக்கைகள் கொண்ட, முழுக்க வணிக வகுப்பு விமானமாக மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் 2013 நவம்பரில் நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏ350-900 விமானத்தை இந்த வழிக்கென்று மாற்றியமைத்த பிறகு 2018 அக்டோபரில் சேவை மீண்டது. கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரில் தொடங்கியது. சாதாரண ஏ350-900 சுமார் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். நெடுந்தூர வகைக்கு அது 1,65,000 லிட்டர், ஏறத்தாழ 130 டன். பயணத்தின் முதல் பல மணி நேரம் அந்த விமானம் தன் எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிபொருளை எரித்துக்கொண்டிருக்கும். எனவே வேறு எடையைக் குறைத்தாக வேண்டும். அதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தொலைவு ஏ350 விமானத்தில் 253 இருக்கைகள் இருக்க, இதில் 161 மட்டுமே: 67 வணிக வகுப்பு, 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. முன்பக்கச் சரக்கறையையும் பயன்படுத்துவதில்லை. இறங்காமல் போகும் வசதிக்கான விலை நாற்பது சதவீதத்துக்கு அருகில் இருக்கைகளை எடுத்துவிட்டதில் இருக்கிறது. நடுவே பிராங்பர்ட்டில் இறங்கி ஏறும் விமானம் ஏறத்தாழ இருபத்து நான்கு மணி நேரம் எடுக்கும். சாதாரண எகானமியில் அந்த வழி மலிவு. வயதானவர் தனியாகப் பயணம் செய்யும்போது நடுவழியில் இறங்கி ஏறும் அலைச்சல் மிச்சமாவதற்கு அந்த விலை தகும் என்பது என் எண்ணம். முழங்கால் வலி உள்ளவராயின், நடுவில் எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடக் கிடைக்கும் வாய்ப்பு நல்லது என்று எதிர்வாதமும் செய்யலாம்.

சென்னையிலிருந்து உங்கள் உறவினர்களும் இதே வழியில் வரலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சென்னையிலிருந்து நியூயார்க் நூல்வழியாக 13,476 கிலோமீட்டர். வேடிக்கை என்னவென்றால், சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறத்தாழ சம தூரம்; இரண்டும் 2,930 கிலோமீட்டர் போல. ஆனால் துபாய் வழியாகப் போனால் மொத்தம் சுமார் 13,940 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் 18,270. தொடக்கத்தில் ஒரே அளவாகத் தோன்றும் முதல் கட்டம், ஒன்றில் வழியிலும் மற்றொன்றில் வழிக்கு எதிர்ப்புறத்திலும் இருக்கிறது.

இனி அந்த 'ஆறரை மணி நேரம்'. சீட்டில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள்; அவற்றை அப்படியே கழிக்கக் கூடாது. சிங்கப்பூர் ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே நிற்கிறது. நியூயார்க் கோடையில் நான்கு மணி நேரம் பின்னே, குளிர்காலத்தில் ஐந்து மணி நேரம் பின்னே. ஆக ஜூலையில் வித்தியாசம் 12 மணி நேரம், டிசம்பரில் 13. திங்கட்கிழமை இரவு 11:30-க்குச் சிங்கப்பூரில் விமானம் நகரத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நியூயார்க்கில் அதே திங்கட்கிழமை முற்பகல் 11:30. பதினெட்டரை மணி நேரத்தைக் கூட்டினால் செவ்வாய்க்கிழமை காலை 6:00. டிசம்பரில் நியூயார்க்கில் திங்கட்கிழமை இரவு 10:30-க்குப் புறப்பட்டால், சிங்கப்பூரில் அப்போதே செவ்வாய் முற்பகல் 11:30. பதினெட்டே முக்கால் மணி நேரம் கழித்து, புதன்கிழமை காலை 6:15-க்கு இறங்குவார். சீட்டின்படி அது முப்பத்தொன்றே முக்கால் மணி நேரம். செவ்வாய்க்கிழமை எங்கே போயிற்று என்று அவர் கேட்டால், ஜூலையில் அதை முன்பணமாக வாங்கிவிட்டார் என்று சொல்லுங்கள். அது வெறும் பேச்சும் அன்று: பசிபிக் வழியில் போனால், புறப்பட்ட நான்கைந்து மணி நேரத்தில், ஜப்பானை நெருங்கும்போது, ஜன்னலில் செவ்வாய்க்கிழமையின் விடியல் தெரியும், பிறகு தேதிக்கோட்டைக் கடந்து மறுபடி திங்கட்கிழமைக்குள் போய், பகல் முடிந்து இருட்டி, நியூயார்க்கில் இறங்கும்போது அதே செவ்வாய்க்கிழமை இரண்டாம் முறை விடிந்துகொண்டிருக்கும்.

விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்குப் போவது என்பதற்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அட்டவணை நேரத்தை வைத்துக்கொண்டு, பயணத்துக்கு முந்தைய ஒரு வாரம் அதே எண்ணுள்ள விமானம் உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். விமானங்களைப் பின்தொடரும் தளங்களில் அது இலவசமாகவே கிடைக்கும். ஜூலையில் ஜெட் காற்றோட்டம் வலுக்குறைந்து வடக்கே நகர்ந்திருக்கும் என்பதால், குளிர்காலப் பயணிகள் சொல்லும் 'ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம்' என்ற கதையை எதிர்பார்க்க வேண்டாம். விமானம் இறங்கியபின் குடிநுழைவுச் சோதனையும் பெட்டி எடுப்பதும் முடிய ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டால் காத்திருந்து கால் கடுக்காது.

மாத்திரை நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, சிங்கப்பூர் நேரப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். விமானத்துக்குள் அவர் கைக்கடிகாரத்தைத் திருத்தாமல் அந்தத் தாளின்படியே நடந்தால் போதும். கையில் கட்டியிருப்பது முள் கடிகாரமாக இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. ஜூலையில் வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் என்பதால், சிங்கப்பூரில் ஓடிய அதே முள் நியூயார்க்கிலும் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இரவு பகலாக மாறியிருக்கும், அவ்வளவுதான். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும்போது மட்டும், ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.